கேளுங்க, பதில் சொல்றேன்: இந்த மாசம் முழுக்க குருவிக் கதை

போன இதழ்ல ஒரு கேள்விக்கு, ஐப்பசி கார்த்திகையில மலையில புதுசா கேக்குற சத்தம் பாதிக்கு மேல வெளியூர்ல இருந்து வலசை வர்ற குருவிங்க சத்தம்தான்னு சும்மா நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸும் எண்ணி முடியல. அதனால சமையல், பரீட்சை, கல்யாணக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

அக்கா, போன ஐப்பசியில அடைமழை ராத்திரி எங்க காம்பராவுக்குள்ள ஒரு குருவி வந்து விழுந்திச்சு. முதுகு பச்சை, வயித்துக்குக் கீழ சிவப்பு, வாலே இல்லாத மாதிரி. ராத்திரி குருவி வீட்டுக்குள்ள வந்தா ஆகாது, வெளிய விடுன்னு அம்மாச்சி சத்தம் போட்டாங்க. மழையில எப்படி விடுறதுன்னு கூடையால மூடி வச்சு, சோறு வச்சு, வாயில தண்ணி ஊத்தினோம். விடிய செத்துக் கிடந்திச்சு. அது என்ன குருவி, நாங்க ஏதும் பிழை செஞ்சிட்டமா?
- வாசகி, மஸ்கெலியா

தங்கச்சி, முதல்ல மனசைத் தேத்திக்கங்க. நீங்க அதை உயிரோட வச்சிருக்கத்தான் பாத்தீங்க.

அது ஆறுமணிக் குருவி. விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் ரெண்டு ஸ்வரமா விசிலடிக்கும், அதனாலதான் அந்தப் பேரு. சிங்களத்துல அவிச்சியான்னு சொல்லுவாங்க, அதோட அழகான உடுப்பை மயில் வாங்கிட்டுப் போய் திருப்பிக் குடுக்கவே இல்லையாம், அதான் காலையும் மாலையும் புலம்புதுன்னு அவங்ககிட்ட ஒரு கதை இருக்கு. குஞ்சு பொரிக்கிறது இமயமலை அடிவாரத்துலயும் வட, மத்திய இந்தியாவிலயும். குளிர் தொடங்கினா தெக்கால இறங்கி, கடலைத் தாண்டி நம்ம பக்கம் வந்து சேரும், சித்திரை வரைக்கும் இருக்கும்.

நானும் ஒன்னைக் கையில வச்சிருந்திருக்கேன். இதே மாதிரி மழை, வீட்டு முன்பக்கத்து ஸ்தோப்பு லைட்டுல வந்து மோதிச்சு. ஒரு கோழி முட்டை பாரம்தான் இருக்கும், ஆனா நெஞ்சு அடிச்ச அடி என் மணிக்கட்டு வரைக்கும் தெரிஞ்சிச்சு. கண்ணு வழியா ஒரு கறுப்புக் கோடு, யாரோ ஈர்க்குச்சியால மை இழுத்து விட்ட மாதிரி. செட்டையை லேசா விரிச்சப்பதான் தோள்ல அந்த நீலம் தெரிஞ்சிச்சு, அப்படி ஒரு நீலத்தை நான் வேற எதுலயும் பாத்ததில்ல. நகத்துல சேறு காஞ்சிருந்திச்சு. அது எந்த ஊர்ச் சேறுன்னு அன்னைக்கு ராத்திரி முழுக்க நினைச்சுக்கிட்டே கிடந்தேன்.

இந்தக் குருவிங்க வலசை வர்றப்ப ராத்திரியிலதான் பறக்கும். மழையும் மிஸ்டும் சேர்ந்தா வழி பிசகி, தெரியிற வெளிச்சத்துக்கு இறங்கிடும். வர்றப்பவே உடம்புல ஒன்னும் மிச்சம் இருக்காது. இனி வந்தா ஒரு சப்பாத்துப் பெட்டி எடுங்க, மூடியில நாலஞ்சு ஓட்டை போடுங்க, உள்ள பழைய துணி விரிச்சு அதை வச்சு மூடி, சத்தமில்லாத இடத்துல வச்சிருங்க. சோறு வேண்டாம், அது புழு பூச்சி தின்னுற குருவி. வாயில தண்ணி ஊத்தவே வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். விடிஞ்சதும் பத்தைப் பக்கமா பெட்டியைத் திறந்து வச்சிட்டு தள்ளி நில்லுங்க, தெம்பு இருந்தா அதுவே போயிடும். அம்மாச்சிகிட்ட சொல்லுங்க, கெட்ட சகுனம் எல்லாம் இல்ல, அவ்வளவு தூரம் வந்தது நம்ம லைட்டைப் பாத்து இறங்கியிருக்கு. ஐப்பசி மழை ராத்திரியில படுக்கப் போறப்ப ஸ்தோப்பு லைட்டை நிப்பாட்டினா அதுவே பெரிய உதவி. 2022ல உலக வலசைப் பறவைகள் தினத்துக்கு உலகம் முழுக்க எடுத்த விஷயமே இந்த ராத்திரி வெளிச்சம்தான்.

அக்கா, நான் நுவரெலியாவுல த்ரீவீல் ஓட்டுறேன். விக்டோரியா பார்க்குக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க சிலபேர் பூவையே பாக்க மாட்டாங்க, பெரிய பெரிய கெமராவைத் தூக்கிக்கிட்டு ஓடைப் பக்கம் மணிக்கணக்கா அசையாம நிக்கிறாங்க. அப்படி என்ன இருக்கு அங்க? நான் ஓ.எல். வரைக்கும்தான் படிச்சேன், என்னை மாதிரி ஆளு இதைப் பழகினா யாரும் மதிப்பாங்களா?
- வாசகர், நுவரெலியா

தம்பி, அவங்க தேடுறதுல முக்கியமானது காஷ்மீர் ஈப்பிடிப்பான். உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்பைச் சுத்தி கறுப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும். காஷ்மீர் மலைக்காட்டுல குஞ்சு பொரிச்சிட்டு, குளிர்காலத்தை நம்ம மலைநாட்டுலயும் தென்னிந்திய மலைகள்லயும் கழிக்கிற குருவி. உலகத்துல அழியிற ஆபத்துல உள்ளதுன்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. அப்படிப்பட்ட ஒன்னு, பஸ் ஸ்டேண்டுல இருந்து நடந்து போற தூரத்துல, நீங்க த்ரீவீல் நிப்பாட்டுற இடத்துக்குப் பக்கத்துல வந்து உக்காருது. அதே ஓடையோரம் கறுப்பும் வெள்ளையுமா ஒரு பூங்குருவி இமயமலையில இருந்து வருது, ஆறுமணிக் குருவியும் வருது. 1897ல விக்டோரியா மகாராணியோட வைர விழாவுக்குப் பேர் வச்ச பூங்கா அது. ராணிக்காக வந்த பேரு, ஆனா இன்னைக்கு கடல் தாண்டி ஆளுங்களை அங்க கூட்டிட்டு வர்றது இந்தக் குருவிங்க.

மதிப்பாங்களான்னு கேட்டீங்களே, அதுக்கு ஒரு கதை சொல்றேன். நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன், இன்னும் சொல்லுவேன். வெள்ளைக்காரன் காலத்துல எட்கர் லேயார்ட்னு ஒருத்தர் இலங்கையில அரசாங்க உத்தியோகத்துல இருந்தார், பறவை ஆராய்ச்சியில பெரிய ஆள். அவர்கிட்ட முத்துன்னு ஒரு தமிழர் வேலை பார்த்தார். லேயார்டுக்குக் கிடைச்ச நல்ல நல்ல பறவையில நிறைய முத்து தேடிக் கொண்டு வந்ததுதான். ஒருநாள் முத்து கொண்டு வந்த ஒரு சின்னக் குருவி, பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான், அதுவரைக்கும் யாரும் எழுதி வைக்காத இனம். 1854ல அதைப் பத்தி எழுதினப்ப லேயார்ட் அதுக்கு முத்துவோட பேரையே வச்சிட்டார். இன்னைக்கு அதோட விஞ்ஞானப் பேரு மஸ்கிகாப்பா முத்துயி. இன்னைக்கும் உலகத்துல எந்த மூலையில எந்த விஞ்ஞானி அந்தக் குருவியைப் பத்தி எழுதினாலும் நம்ம முத்து பேரை எழுதாம தாண்ட ஏலாது. அதுவும் வலசைக் குருவிதான் தம்பி, வடகிழக்கு இந்தியா, பர்மா, தென்சீனப் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு நம்ம காட்டு நிழலுக்கு வர்றது.

முத்துகிட்ட என்ன சான்றிதழ் இருந்திச்சு? கண்ணு இருந்திச்சு, பொறுமை இருந்திச்சு. லேயார்ட் பெரிய மனசு பண்ணி பேரைப் போட்டார்னு நான் சொல்ல மாட்டேன், போட வேண்டிய பேரைப் போட்டார், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, சில வருஷத்துக்கு முந்தி ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க, வலசைப் பறவை பாதுகாப்புக்கு உழைச்சவங்களைக் கௌரவிக்கிறோம்னு. போட்டோ எடுத்தவங்களுக்குப் பொன்னாடை, பேச வந்தவங்களுக்கு நினைவுச் சின்னம், நல்லது, அவங்களும் உழைச்சவங்கதான். ஆனா அந்தப் போட்டோல பாதி எடுத்தது ஒரு தோட்டத்துல, அங்க வாச்சரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, அறுபது தாண்டினவர், விடிய நாலரைக்கு டோர்ச் பிடிச்சு தண்ணி ஓடுற கான் ஓரமா இவங்களைக் கூட்டிட்டுப் போய், இந்த மரத்துக்குக் கீழதான் வரும்னு விரல் நீட்டிக் காட்டினவர். அவர் பின்வரிசையில தொப்பியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கடைசி வரைக்கும் அவர் பேரை யாரும் சொல்லவே இல்ல. பஸ்ஸுல வர்றப்ப நான் கேட்டேன், மனசு வருத்தமா இருக்கா ஐயான்னு. அதெல்லாம் இல்லம்மா, அந்தக் குருவி பேரைத்தான் சரியா சொல்லலன்னு சொன்னார். எனக்கு அன்னைக்குப் பட்டது இன்னும் ஆறல.

அதனால தம்பி, பழகுங்க. மெர்லின்னு குருவியை அடையாளம் காட்டுற ஒரு ஃபோன் எப் இருக்கு, இலவசம், இலங்கைப் பறவை எல்லாம் அதுல இருக்கு, ஒருதரம் இறக்கிட்டா சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். ஒரு கொப்பியில தேதி, நேரம், இடம் எழுதுங்க. காசு வாங்கிக்கிட்டு வழிகாட்டியா போறதுன்னா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையோட லைசன்ஸ் எடுக்கணும், அதை விசாரிச்சு முறையா செய்ங்க. ஒன்னு மட்டும் கேட்டுக்கிறேன், குருவியை வெளிய வரவைக்க ஃபோன்ல அதோட சத்தத்தைப் போட்டுக் காட்டாதீங்க. வந்தவங்க கேட்டாலும் இல்லன்னுடுங்க. வேற ஒன்னு தன் இடத்துக்குள்ள வந்திடுச்சுன்னு நினைச்சு அது தீனியை விட்டுட்டு அலையும், திரும்பிப் போறதுக்கு சேத்து வைக்க வேண்டிய தெம்பு அதுலயே போயிடும்.

தண்ணி பிடிக்கிற பீலிகிட்ட வருஷா வருஷம் வாலை ஆட்டிக்கிட்டு ஒரு மஞ்சள் வயித்துக் குருவி வருது. ஒரே குருவிதானா அக்கா?
- வாசகி, பத்தனை

சாம்பல் வாலாட்டி. ஒரே குருவியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா. வலசைக் குருவிங்க காலுல வளையம் போட்டுப் பாத்ததுல, நிறைய இனம் போன வருஷம் இருந்த அதே இடத்துக்கே திரும்பி வருதுன்னு தெரிஞ்சிருக்கு. அத்தனை மலையில உங்க பீலியை அது ஞாபகம் வச்சிருக்கலாம்.

வணக்கம். எங்கள் பாடசாலையில் உலக வலசைப் பறவைகள் தினம் கொண்டாட விரும்புகிறோம். எந்தத் திகதி, எப்படிச் செய்வது என்று சொல்வீர்களா?
- ஆசிரியை, நானுஓயா

டீச்சர், மிச்சம் சந்தோஷம். வருஷத்துக்கு ரெண்டு நாள், மே மாசம் ரெண்டாவது சனி, ஒக்டோபர் ரெண்டாவது சனி. 2006ல தொடங்கினது. வலசை போற உயிர்களைப் பாதுகாக்கிறதுக்கு 1979ல ஜெர்மனியில பொன் (Bonn) நகரத்துல நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, இலங்கை அதுல 1990ல சேர்ந்திச்சு. அந்த ஒப்பந்தத்தோட ஆட்கள்தான் இந்த நாளையும் நடத்துறாங்க. நமக்கு ஒக்டோபர்தான் தோது. மே மாசம்னா நம்ம விருந்தாளிங்க எல்லாம் ஊருக்குப் போயிருக்கும், ஒக்டோபர்னா வந்து இறங்குற நேரம்.

எப்படிச் செய்யிறதுன்னா, டீச்சர் நான் மனசுல பட்டதைச் சொல்றேன், பேச்சுப்போட்டி, பேனர், பிரதம விருந்தினர், மாலைன்னு போனா அன்னைக்கு முழுக்க பிள்ளைங்க ஒரு குருவியைக்கூடப் பாக்காம வீட்டுக்குப் போயிடும். அதுக்குப் பதிலா விடிய ஆறு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் ஒரு பதினஞ்சு பிள்ளைங்களைக் கூட்டிட்டு, ஸ்கூலுக்குப் பக்கத்து மலையிலயே மெதுவா நடங்க. கொப்பி, பென்சில் போதும். பேர் தெரியாட்டி என்ன, நிறம், அளவு, வால் நீளம், நிலத்துல நடந்திச்சா தத்திச்சான்னு எழுதட்டும். தமிழ்நாட்டுல 2015ல இருந்து பொங்கல் லீவுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒன்னு நடக்குது, வீட்டு மொட்டை மாடி, குளக்கரை, வயல்னு அவங்கவங்க இடத்துல நின்னு, குறைஞ்சது ஒரு கால்மணி நேரம் பாத்ததை எண்ணி ஈபேர்ட்ங்கிற தளத்துல ஏத்துறாங்க. அமெரிக்காவுல கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்துற தளம் அது, நம்ம பிள்ளைங்க எண்ணினதும் அதுக்குள்ள போகும், உலகத்துல யாரும் எடுத்துப் பாக்கலாம். கொழும்பு பல்கலைக்கழகத்துல 1976ல இருந்து ஒரு கள பறவையியல் குழு இருக்கு, ஸ்கூல்ல இருந்து எழுதிக் கேட்டுப் பாருங்க.

முக்கியமா கொழுந்தெடுக்கிற அம்மாமார் ரெண்டு பேரைக் கூப்பிட்டு பிள்ளைங்களுக்கு முன்னால கதைக்க வைங்க டீச்சர். நாள் முழுக்க மலையில நிக்கிறவங்க அவங்க. எந்த மாசம் எந்தச் சத்தம் புதுசா வருது, எந்த நிரையில எது கூடு கட்டும்னு அவங்களுக்குத் தெரிஞ்சது புத்தகம் படிச்ச எனக்குத் தெரியாது. தன்னோட அம்மா அறிவாளின்னு ஒரு பிள்ளை ஸ்கூல்ல வச்சு தெரிஞ்சுக்கிட்டா அது அந்தப் பிள்ளைக்கு என்ன பண்ணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

லயத்துல கூரை ஒழுகுது, சம்பளம் பத்தல, காணி உறுதி இல்ல. இதுல குருவிக்கு தினம் கொண்டாடணுமா? கோவிச்சுக்காதீங்க, உண்மையாவே கேக்குறேன்.
- வாசகர், டிக்கோயா

கோவம் இல்லண்ணே. நீங்க சொன்ன மூணும் நியாயம், குருவியைக் காட்டி அந்தக் கேள்வியை யாராவது அமுக்கப் பாத்தா நானும் உங்க பக்கம்தான் நிப்பேன். ஆனா ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரி இல்லண்ணே. லயத்துக்கு மேல இருக்கிற அந்தச் சின்னக் காட்டுத்துண்டை வெட்டினா குருவி மட்டுமா போகும், பீலித் தண்ணியும் சேர்ந்துதான் வத்தும். கானுக்குள்ள பூச்சி செத்துக் கிடக்குற அளவுக்கு மருந்தடிச்சா அந்தப் பூச்சியைத் தின்னுற குருவிக்கு முந்தி, வெறுங்கையோட மருந்தடிக்கிறவன் நெஞ்சுக்குள்ள அது போகுது.

இன்னொன்னு, இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லல. நம்ம பாட்டன் பூட்டன் மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தாங்க, வழியிலயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தாங்க. 1948ல நீங்க இந்த ஊர்க்காரங்க இல்லன்னு சட்டம் போட்டாங்க, 2003ல குடியுரிமை குடுத்த சட்டம் வரைக்கும் எத்தனை குடும்பம் நாடில்லாம இருந்திச்சு. எங்க இருந்தோ வந்து இந்த மலையைத் தன் இடமா நினைக்கிற ஒன்னை, நம்மள விட யாரு நல்லா விளங்கிக்கப் போறாங்க அண்ணே. குருவிக்காக நேரம் ஒதுக்குங்கன்னு உங்களைக் கேக்கல. உங்க பிள்ளை ஒருநாள் விடிய எழும்பி பாக்கப் போறேன்னா, போயிட்டு வான்னு சொல்லுங்க, அது போதும்.

எங்க டிவிஷன்ல பொடியன்மார் கெட்டபோலால கல்லடிச்சு குருவியைக் கொல்றாங்க. சட்டம் இருக்கா? பொலிசுக்குச் சொல்லலாமா?
- வாசகர், பொகவந்தலாவ

சட்டம் இருக்கு ஐயா, 1937லயே போட்ட வனசீவராசிகள் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். காகம் மாதிரி ஒருசில இனத்தை விட்டா மத்த எல்லாப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனா பன்னெண்டு வயசுப் பிள்ளை மேல பொலிசுக்குப் போறதை என் மனசு ஒத்துக்கல. இந்தியாவுல நாகாலாந்துல பங்டின்னு ஒரு ஊரு. ஆசியாவோட வடகிழக்கு மூலையில இருந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் போற அமூர் வல்லூறுங்க அங்க ஒரு நீர்த்தேக்கத்துக்கிட்ட கூட்டம் கூட்டமா இறங்கும், 2012ல வலை கட்டி ஆயிரக்கணக்குல பிடிச்சு வித்தாங்க, வீடியோ வெளிய வந்து உலகமே பதறிச்சு. அடுத்த வருஷம் அதே ஊர்க்காரங்களே காவலுக்கு நின்னாங்க, ஒன்னைக்கூடப் பிடிக்கல. ஊர்ச்சபையும் தேவாலயமும் உக்காந்து பேசினாங்க, வலை கட்டின கைக்கே காவல் வேலையைக் குடுத்தாங்க. தமிழ்நாட்டுல சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில தீபாவளிக்கு வெடி போடுறதே இல்ல, வந்து தங்குற பறவை பயந்துடும்னு ஊரே சேர்ந்து நிப்பாட்டிடுச்சு. நம்ம தீபாவளியும் குருவிங்க வந்து இறங்குற நேரத்துலதான் வருது, கோயில் கமிட்டியில ஒரு வார்த்தை போட்டுப் பாருங்களேன்.

உங்க பொடியன்மார்ல கெட்டபோலை நல்லா அடிக்கிறவன் யாரோ, அவன் கண்ணுதான் அந்த டிவிஷன்லயே கூர்மையான கண்ணு. அவனைக் கூப்பிட்டு கொப்பியைக் குடுங்க.

எங்கிட்ட பைனாகுலர் இல்ல அன்ட்டி. எனக்குப் பத்து வயசு. நான் பறவை பாக்கலாமா?
- மாணவி, கொட்டகலை

தாராளமா பாக்கலாம் மகள். முதல்ல காதால பாருங்க. ஒக்டோபர்ல இருந்து தினம் விடிய ஆறு மணிக்கு ஸ்தோப்புல வந்து நில்லுங்க. ரெண்டு ஸ்வரமா ஒரு விசில் கேக்கும். முதல்தரம் கேட்ட அன்னைக்கு தேதி, நேரம், தோட்டத்துப் பேரு, டிவிஷன், உங்க பேரு எல்லாம் ஒரு தபாலட்டையில எழுதி எனக்கு அனுப்புங்க. கூட நின்னு கேட்டது அம்மாவோ அம்மாச்சியோ யாரா இருந்தாலும் அவங்க பேரையும் எழுதுங்க. மார்கழி இதழ்ல ஒரு பக்கம் ஆசிரியர்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன். எந்தத் தோட்டத்துல எந்த நாள் யாரு முதல்ல ஆறுமணிக் குருவியைக் கேட்டாங்கன்னு, வந்த பேர் அத்தனையும் அதுல போடுறோம்.